மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: இரண்டு பிரிவுகளையும் பார்த்தவனின் மதிப்பீடு

அருப்புக்கோட்டையில் எங்களுக்குச் சிறிய கைத்தறித் துணிக்கடை ஒன்று உண்டு. எங்களுக்கு நெய்து தரும் வீடுகளில் ஒன்றில் தறிக்கான ஊடைநூலைத் தார்க்குழலில் சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவருக்கு, அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது கடினமாகி, பிறகு நூலின் நிறமே பிடிபடாமல் போனது. அவர் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த இலவசக் கண் முகாமின் வழியாக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பதினான்கு மாதங்கள் கழித்து என் அம்மாவை அதே மருத்துவமனைக்கு, கட்டணப் பிரிவுக்கு, நானே அழைத்துச் சென்றேன். ஒரே நிறுவனத்தின் இலவசச் சேவையையும் கட்டணச் சேவையையும் அடுத்தடுத்து அருகிலிருந்து பார்க்கக் கிடைத்ததால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கண் சிகிச்சைக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு மட்டுமல்லாமல், ஒரு தொழிலை எதற்காக நடத்துகிறோம் என்ற கேள்வியைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கட்டணப் பிரிவு. அண்ணா நகர் வளாகத்துக்கு நாங்கள் காலை ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பதிவு முடிந்ததும் பார்வைப் பரிசோதனை, மருத்துவரின் முதற்கட்டப் பார்வை, கண்ணாடி அளவு, கண் அழுத்தம், கண்ணீர்ப் பாதையில் அடைப்பு உள்ளதா என்ற சோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை, பிறகு கண்மணி விரிவதற்கான சொட்டு மருந்து என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் நடக்கிறது. ஓரிடத்தில் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்பதை அங்கேயே ஒருவர் சொல்லி அனுப்புகிறார். பல நேரம் கையைப் பிடித்து அழைத்தும் செல்கிறார். சொட்டு மருந்து விட்ட பிறகு அம்மாவுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அந்த நிலையில் ஓர் இளம்பெண் “அம்மா, இங்கே ஒரு படி இருக்கிறது, மெதுவாக வாங்க” என்று சொல்லி நடத்திச் சென்றதை அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாச் சோதனைகளும் முடிந்து மருத்துவர் கண்புரையை உறுதி செய்த பிறகு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த மருத்துவமனையின் தரத்தை முடிவு செய்யும் இடம் இந்த மேசைதான். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தைக்காக நாங்கள் போயிருந்த வேறொரு மருத்துவமனையில், எங்கள் மாத வருமானம் எவ்வளவு, காப்பீடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் கண்ணைப் பற்றிய பேச்சே தொடங்கியது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகளில் விலை கூடியதைத் தவிர வேறு எதை வைத்தாலும் பின்னால் வருந்துவீர்கள் என்றும் சொன்னார்கள். இங்கே அந்த ஆலோசகர் வில்லைகளின் வகைகளையும் அறைகளின் வகைகளையும் அவற்றின் கட்டணங்களையும் ஒரே தாளில் காட்டி, எதற்கும் எதற்கும் என்ன வேறுபாடு என்பதை அம்மாவைப் பார்த்தே விளக்கினார். தொலைவுக்கும் அருகிலும் பார்க்க உதவும் வில்லை ஏன் விலை கூடியது, அது இல்லாவிட்டால் படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்பதைச் சொன்னார். எங்கள் வருமானத்தை அவர் கேட்கவில்லை. பணம் கட்டி இந்தப் பக்கம் வருவதா, கட்டாமல் அந்தப் பக்கம் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்கிறார். வறுமைக்குச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. அம்மா நடுத்தரமான, மடித்து உள்ளே செலுத்தும் வில்லையைத் தேர்ந்தெடுத்தார்.

அறுவை சிகிச்சை மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு, அம்மா விழித்திருக்கும்போதே, சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் வில்லை வெண்மை படர்ந்து மங்குவதே கண்புரை. அதை மருந்தால் கரைக்க முடியாது. நுண்ணிய கீறல் வழியாக அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே சிகிச்சை. சில வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்து விட வேண்டிய சொட்டு மருந்துக்கு அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். மறு பரிசோதனையில் அம்மா எழுத்துப் பலகையின் கீழ் வரிகளைப் படித்தார்.

இனி இலவசப் பிரிவு. பெரியம்மா போன வழி வேறு. உள்ளூர் அமைப்பு ஒன்று ஏற்பாடு செய்த முகாமுக்கு மருத்துவமனையின் குழு வந்து ஊராரின் கண்களைச் சோதித்தது. கண்புரை முற்றியவர்களை அன்றே பேருந்தில் ஏற்றி மதுரைக்கு அழைத்துச் சென்றார்கள். போக்குவரத்து, தங்குமிடம், உணவு, அறுவை சிகிச்சை, வில்லை, மருந்து எதற்கும் அவர் பணம் தரவில்லை. நான் மறுநாள் பார்க்கப் போனபோது, நீண்ட கூடத்தில் வரிசையாக விரித்த பாய்களில், ஒரே ஊரிலிருந்து வந்த பெண்கள் அருகருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அறையில்லை, கட்டிலில்லை. ஆனால் தரை சுத்தமாக இருந்தது. ஒவ்வொருவரின் கண்ணையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த மருத்துவரிடம் அவசரமோ அலட்சியமோ தெரியவில்லை. மருத்துவர்கள் கட்டணப் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் சுழற்சி முறையில் பணியாற்றுவது இந்த நிறுவனத்தின் வழக்கம் என்பதால், இங்கே அறுவை செய்யும் கைதான் அங்கேயும் அறுவை செய்கிறது.

இரண்டுக்கும் மருத்துவ முறையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு நுண்ணொலி அலைக் கருவியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை. பெரியம்மாவுக்குக் கருவியில்லாமல், தையல் தேவைப்படாத சிறு கீறல் வழியாகக் கையாலேயே புரையை வெளியே எடுக்கும் முறை. ஏழைகளுக்குத் தரம் குறைந்த சிகிச்சையா என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. ஆனால் இரண்டாவது முறை மலிவானது, விரைவானது, முற்றிய புரைக்கு மிகவும் ஏற்றது. 2007-இல் வெளியான, நேபாளத்தில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு இரு முறைகளிலும் 98 விழுக்காட்டு நோயாளிகள், தேவைப்பட்டால் கண்ணாடியின் துணையோடு, நல்ல பார்வை பெற்றிருந்தனர். ஆகவே காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் இடையே இங்குள்ள பெரிய வேறுபாடு கட்டிலிலும் அறையிலும் வில்லையின் வகையிலும் இருக்கிறதே தவிர, திரும்பக் கிடைக்கும் பார்வையில் இல்லை என்று எனக்குத் தெளிவாயிற்று.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இதைத் தொடங்கியவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோ. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். இராணுவ மருத்துவப் பணிக்குப் பிறகு கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் நிரந்தரமாக வளைந்துபோயின. நீண்ட நேரம் நின்று பிரசவம் பார்க்க முடியாது என்றான பிறகு கண் மருத்துவம் படித்து, வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் வாடகை வீடு ஒன்றில் 11 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். தாம் நெஞ்சில் கொண்டிருந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார். தங்கை ஜி. நாச்சியாரும் அவர் கணவர் பெ. நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாக அவரோடு நின்றார்கள். குடும்பத்தார் நகையை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். ஓய்வூதியத்தோடு வீட்டில் அமர்ந்திருக்கலாம் என்ற வயதில் ஒருவர் தம் வேலையின் பொருளைக் கண்டடைந்து, அதற்குள் குடும்பத்தையே அழைத்து வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நாற்பத்தேழு வயதில் கடையை மூடிவிடலாமா என்று யோசித்த எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்பு மட்டும் இருந்திருந்தால் இந்த மருத்துவமனை சில ஆண்டுகளில் நின்றுபோயிருக்கும். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாகிவிடுகிறார். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குகிறார். எங்கு போனாலும் ஒரே தரத்தில் ஒரே பொருளைத் தரும் அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஒழுங்கு தம்மைக் கவர்ந்தது என்று வெங்கடசாமி வெளிப்படையாகவே சொன்னார். மருத்துவரின் நேரம் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கே செலவாவதால் ஒவ்வோர் அறுவைக்குமான செலவு குறைகிறது. அதனால் கட்டணம் செலுத்துவோரிடம் நியாயமான தொகையைப் பெற்றே மற்றவர்களுக்கும் சிகிச்சை தர முடிகிறது. இன்று ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளும் லேசர் சிகிச்சைகளும் இந்தக் குழும மருத்துவமனைகளில் நடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடப்பவை. நன்கொடையை எதிர்பார்த்து அன்றாடச் சிகிச்சை நடப்பதில்லை. இலாபம் வந்தால் அதில் கொஞ்சம் தருமத்துக்கு என்றுதான் நான் இருபது ஆண்டுகளாகக் கடை நடத்தினேன். இங்கோ விலைப் பட்டியலுக்குள்ளேயே தருமம் அமைந்திருக்கிறது. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று பார்த்து அது கூடுவதும் குறைவதும் இல்லை.

வில்லையின் கதை இதற்கு இன்னும் நல்ல சான்று. 1980-களில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். பணமிருப்பவருக்கு வில்லை, இல்லாதவருக்குப் புரையை மட்டும் எடுத்துவிட்டுத் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி என்ற நிலையை ஏற்க மறுத்த இவர்கள், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி வில்லையைத் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த வில்லைகள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. பெரியம்மாவின் கண்ணில் இருப்பதும் அத்தகைய ஒரு வில்லைதான்.

இந்த நிறுவனத்தின் மீது எனக்குள்ள மரியாதையை மிகவும் கூட்டியது, அது தன்னைத்தானே அளந்துகொண்ட விதம். முகாம்களுக்குக் கூட்டம் குவிந்துகொண்டிருந்த காலத்தில், அதன் ஆய்வாளர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. முகாம் நடந்த ஊர்களில் கண் குறையுள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தார்கள் என்பது அதன் முடிவு. விருதுகளும் பாராட்டுகளும் வரும்போது இப்படியோர் எண்ணை வெளியிடுவதற்குத் துணிவு வேண்டும். முகாமை இன்னும் பெருக்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, மதுரையிலோ வேறோர் ஊரிலோ இருக்கும் மருத்துவர் இணையவழியாக நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வர முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, நெசவாளர்களோடு வாழ்கிறவன் என்ற முறையில் நான் அறிவேன்.

இங்கே நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது மருத்துவர்களை அல்ல. சோதனை செய்யும், சொட்டு மருந்து விடும், அறுவை அரங்கில் துணை நிற்கும் இளம்பெண்களை. பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து, பள்ளிப் படிப்பு முடித்து வந்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். நிறுவனத்தின் வெற்றியைப் பற்றி எழுதுபவர்கள் நிறுவனர்களின் பெயரை எழுதுகிறார்கள்; அது சரிதான். ஆனால் மருத்துவர் அடுத்த மேசைக்குத் திரும்பும் அந்த விரைவு முழுவதும் இந்தப் பெண்களின் உழைப்பின் மீது நிற்கிறது. அம்மாவைக் கைப்பிடித்து நடத்திய பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டேன். கமுதிப் பக்கம் என்றார். அவர் வீட்டில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கும் பெண் அவர்தானாம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஒரு முழு நாளையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். கண்மணி விரிக்கும் மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் பார்வை தெளிவாக இராது என்பதால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுகளையும் பழைய கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். கூட்டமில்லாத அமைதியையும், எப்போதும் ஒரே மருத்துவர் உடனிருந்து நீண்ட நேரம் பேசுவதையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இத்தனை பெரிய மருத்துவமனை ஏற்றதாக இருக்காது. கண் சரியாக வேண்டும், கேட்டதற்கு மறைக்காத பதில் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் போகலாம்.

அம்மாவின் இடக்கண்ணுக்கு வரும் தை மாதத்தில் நாள் குறித்திருக்கிறோம். இந்த முறை ஒரே ஒரு மாற்றம்: தனியறை வேண்டாம், பொது அறையே போதும், பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டார். பெரியம்மா மூன்று நாள் பாயில் படுத்துப் பேசித் தீர்த்த கதைகளை அம்மாவும் கேட்டிருக்கிறார் அல்லவா.