செக்கி வட்டு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடல்நீருக்குள் ஒளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்க விலை உயர்ந்த ஒளிமானிகள் எத்தனையோ உண்டு. நான் நம்பியிருப்பது 30 செ.மீ. அகலமுள்ள ஒரு வெள்ளை வட்டையும், மீட்டர் குறித்த கயிற்றையும், அடியில் தொங்கும் ஈயக் குண்டையும்தான். இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் சோதித்துப் பார்த்த உத்தி இது. மின்கலம் வேண்டாம், பழுது பார்க்கவும் எதுவும் இல்லை.

படகின் நிழல் விழும் பக்கமாக, உச்சிவேளையை ஒட்டி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வட்டை இறக்க வேண்டும். வட்டு மறையும் ஆழமும், மேலே இழுக்கும்போது மீண்டும் தென்படும் ஆழமும் சேர்ந்த சராசரிதான் அளவு.

வட்டு இறங்குவதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. தெளிந்த நீரில் சில மீட்டர்களுக்குள்ளேயே வெள்ளை போய் வெளிர்நீலம் ஏறிவிடும். சிவப்பொளியைத் தண்ணீரே விழுங்கிவிடுகிறது. போகும் வழியில் ஒருமுறை, வட்டில் பட்டுத் திரும்பும் வழியில் மறுமுறை. அப்புறம் விளிம்பு மங்கி, நீலத்தோடு நீலமாகிவிடும். இருட்டில் மறைகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை. இடையிலுள்ள நீர் சிதறடிக்கும் ஒளி, மலையைப் பனிமூட்டம் மூடுவதுபோல் வட்டை மூடிவிடுகிறது; வட்டிலிருந்து வரும் ஒளியும் வழியிலேயே மெலிந்துபோகிறது. அந்த ஆழத்திலும் மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். ஒரு விழுக்காடாகக் குறைய, அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இறங்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கடலுக்குள் ஒளி செல்வதை ஆராய்ந்த பூலும் அட்கின்ஸும் 1929-இல் தந்த 1.7 என்ற எண்ணிலிருந்து வருவது. 1.7-ஐ வட்டு மறையும் ஆழத்தால் வகுத்தால் ஒளி குறையும் வீதம் கிடைக்கும். கலங்கல் நீருக்கும் இதையே கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. அங்கே அந்த எண் மாறிவிடும்.

பெரிய குறை வேறு. வண்டல் நிறைந்து பால்போல் வெளுத்த நீரிலும், மட்கிய இலைதழையின் சாறு கரைந்து பழுப்பேறிய நீரிலும் வட்டு ஒரே ஆழத்தில் மறையலாம். முன்னதில் சிதறல் மிகுதி, பின்னதில் உட்கவர்தல், அதாவது ஒளியை விழுங்குவது, மிகுதி. வட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் மறையும் ஆழத்தில் பாதிக்கு வட்டைத் தூக்கி, அதன்மேல் தெரியும் நீரின் நிறத்தை 21 படிகள் கொண்ட ஃபோரல்–ஊலே நிற அளவுகோலோடு ஒப்பிட்டுக் குறித்துவைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஏதாவது புரிகிறது.

மேற்பரப்பில் வானம் பிரதிபலிப்பது தீராத தொல்லை. 1921-இல் கப்பல் பயணத்தில் சி.வி. ராமன், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்து அந்தப் பிரதிபலிப்பை நீக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீர் மூலக்கூறுகளே நீல ஒளியைச் சிதறடிக்கின்றன என்று 1922-இல் எழுதினார். நமக்கோ, அடிமுனையில் கண்ணாடி பொருத்திய குழாயை நீரில் அமிழ்த்திப் பார்த்தால் போதும். ஆனால் குழாயோடு எடுத்த அளவையும் குழாயின்றி எடுத்ததையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

நைலான் கயிறு ஈரத்தில் நீளும்; தவிர்த்துவிடுங்கள். நீரோட்டம் இருந்தால் கயிறு சாய்ந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். குண்டின் எடையை ஏற்றிக்கொள்ளலாம். பழுப்பேறிய வட்டுக்கு மங்கலான வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும், பளபளப்பானது உதவாது. அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் 1986-இல் சுமார் 80 மீட்டர் ஆழம்வரை வட்டு தெரிந்ததாகப் பதிவு உண்டு. அதைப் படித்துவிட்டு நீளமான கயிறு வாங்காதீர்கள். கரையோர நீருக்கு 20 மீட்டர் தாராளம்.