ஆறு ஆண்டுகளாக நாலிவுட் பார்க்கிறேன்

2019-இல் ஒரு காய்ச்சல் வாரத்தில் யூடியூபில் எதையோ தேடப்போய் நாலிவுட் எனப்படும் நைஜீரிய சினிமாவின் படம் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். மாமியார், மருமகள், பொய்க் கர்ப்பம், நடுவில் ஒரு பாஸ்டர். காய்ச்சல் போய்விட்டது, படம் போகவில்லை. அன்று முதல் வாரத்துக்கு இரண்டு படமாவது பார்த்துவிடுகிறேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பல படங்களில் வசனத்தைப் பின்னணி இசை விழுங்கிவிடும். இரவுக் காட்சிகளில் எங்கோ ஜெனரேட்டர் உறுமும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த உறுமல் இல்லாவிட்டால் உண்மையிலேயே நைஜீரியாவின் பெருநகரமான லாகோஸில்தான் எடுத்தார்களா என்று சந்தேகம் வருகிறது. ஒரே படத்தைப் பெயர் மாற்றி மறுபடி ஏற்றும் வழக்கமும் உண்டு. ஒரு படத்தை மூன்று பெயர்களில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறை இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் உறைத்தது. தானியங்கி சப்டைட்டிலை நம்பாதீர்கள், உள்ளூர் மொழிகள் கலந்த பிட்ஜின் ஆங்கிலம் வந்தால் உளறும். "வஹாலா" என்றால் தொல்லை, "அபெக்" என்றால் தயவுசெய்து, "ஓகா" என்றால் முதலாளி. இந்த மூன்றை வைத்தே நான் முதல் வருடத்தை ஓட்டினேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் பார்க்கிறேன்? 1992-இல் கென்னத் நெபூவே என்ற வியாபாரி 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற இக்போ மொழிப் படத்தைத் தியேட்டருக்கு அனுப்பாமல் நேராக வீடியோ கேசட்டில் விற்றார். அந்த வழியில் வந்தவைதான் இந்தப் படங்கள். லாகோஸின் இடுமோட்டா, அலாபா சந்தைகளில் கேசட்டாகவும் பிறகு விசிடியாகவும் விலைபோய், 2003-இல் ஆப்பிரிக்கா மேஜிக் என்ற டிவி சேனலுக்கும் அதன்பின் இணையத்துக்கும் நகர்ந்தன. வீட்டுக்கூடத்தில் பார்க்கவென்றே பிறந்த சினிமா. செல்பேசித் திரையில் அது எதையும் இழப்பதில்லை.

மெருகேறிய பெரிய தயாரிப்புகளையும் பார்த்தேன். ஜெனிவீவ் நாஜி இயக்கிய 'லயன்ஹார்ட்' நல்ல படம். ஆங்கில வசனம் அதிகம் என்று அதை ஆஸ்காரின் பன்னாட்டுப் படப் பிரிவிலிருந்து நீக்கினார்கள். அந்த நாட்டின் ஆட்சிமொழியே ஆங்கிலம்! ஆனாலும் மாதக்கணக்கில் பழகிப் பார்க்க எனக்கு யூடியூப் படங்கள்தான் ஒத்துவருகின்றன. நைஜீரியாவிலும் காற்று இப்போது யூடியூப் பக்கம்தான் வீசுகிறது. 2024 ஜனவரியில் பிரைம் வீடியோ ஆப்பிரிக்காவில் புதிய சொந்தத் தயாரிப்புகளை நிறுத்திக்கொண்டது. மறுவருடம் மார்ச்சில் நடிகை ஒமோனி ஒபோலி தன் யூடியூப் சேனலில் இலவசமாக வெளியிட்ட 'லவ் இன் எவ்ரி வேர்ட்' சில வாரங்களில் கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

படத்திலிருந்து அடுப்படிக்குப் போவதும் எளிது. சிசி யெமி என்ற நைஜீரிய யூடியூபரின் சமையல் வீடியோக்களுக்கு நான் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். படங்களிலும் சண்டை பாதி சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். கிண்ணத்தில் கைகழுவி, மரவள்ளியில் கிளறிய ஏபாவைக் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழித்து, எகூசி என்ற முலாம்பழ வகை விதைக் குழம்பை அள்ளி, வசனத்தை விடாமலே வாய்க்குள் தள்ளுவார்கள். மெல்லாமல் விழுங்குவதால் இந்த வகைக்கே அங்கே 'ஸ்வாலோ' என்று பெயர். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு அந்தக் கட்டைவிரல் அசைவு ஒன்று போதும், இரவு பதினொரு மணிக்கு எழுந்து பானையைத் திறந்து பார்க்க வைத்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்க உட்காருங்கள்.