கையைப் பிடிக்காமல் தையல் சொல்லிக்கொடுத்த கதை

அறுவை சிகிச்சைத் துறையில் பாடம் எடுப்பவர்களுக்கு வாயைவிடக் கைதான் அதிகம் வேலை செய்யும். மாணவர் ஊசியைக் கோணலாக இறக்கினால் நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை. மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பிவிடுவேன். அரை நொடி வேலை. 2020 மார்ச்சில் அந்த அரை நொடி போய்விட்டது. 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19-ஐப் பெருந்தொற்று என்று சொன்னது. அதைத் தொடர்ந்து பல நாடுகளில் மாணவர்கள் வார்டுக்குள் வரக் கூடாது, அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிவைப்பு என்று ஆனது. ஆபரேஷன் தியேட்டர் மூடிக்கிடக்கும்போது தையலை எங்கே சொல்லிக்கொடுப்பது? மடிக்கணினியைத் திறந்தேன்.

அப்போது தொடங்கியதில் கொஞ்சத்தை இன்றும் விடாமல் நடத்துகிறேன். எது உழைத்தது, எது பல்லிளித்தது என்று பதற்றமில்லாமல் சொல்ல இப்போதுதான் முடிகிறது.

முதல் வகுப்பு சொதப்பல். திரையில் முப்பது கட்டங்கள். நான் கேமராவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒற்றைக்கை முடிச்சு போட்டுக் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் கேட்டார்: "மேடம், நீங்க காட்டுறது வலது கையா, இடது கையா?" நியாயமான கேள்வி. எதிரில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாமே மாறித் தெரியும். போதாக்குறைக்கு, என் படம் எனக்கு மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிந்ததால் நானே குழம்பிப்போய், ஒரு கட்டத்தில் தப்பான கையைத் தூக்கிக் காட்டினேன். தியேட்டரில் மாணவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, என் கண் பார்ப்பதையே பார்ப்பார். அதே இடத்தில்தான் கேமராவும் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் கைபேசியை மேசை விளக்கின் கழுத்தில் கட்டி, என் நெற்றிக்கு நேரே கீழ்நோக்கிப் பார்க்க வைத்தேன். அதைத் தலைகீழாகக் கட்டியிருந்தேன் என்பதை வகுப்பு பாதி ஓடிய பிறகுதான் சொன்னார்கள். சரி, அதையும் திருப்பியாயிற்று. அடுத்த தொல்லை குவியம். கை நகர்ந்தால் கேமரா கையைப் பார்ப்பதா, கீழே இருக்கும் துணியைப் பார்ப்பதா என்று தவித்து, முடிச்சு இறுகும் நொடியில் சரியாக மங்கிவிடும். குவியத்தைப் பூட்டி வைத்தால் அது நிற்கும். அப்புறம், ஊசியைப் பிடிக்கும் கருவியான நீடில் ஹோல்டரின் எஃகு விளக்கு வெளிச்சத்தில் பளீரென்று அடித்து ஊசியை மறைத்துவிடும். விளக்கை நேரே மேலிருந்து விடாமல் பக்கவாட்டில் வைத்து, கீழே பளபளப்பில்லாத அடர்பச்சைத் துணி விரித்ததும் சரியானது. இரண்டாவது கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது, முதலில் விளக்கைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் 3-0 என்ற அளவுள்ள மெல்லிய பட்டு நூல் திரையில் தெரியவே தெரியாது. இணையம் தடுமாறினால் காணொளியில் முதலில் காணாமல்போவது இந்த மாதிரி மெல்லிய, வேகமாக நகரும் பொருள்தான். பட்டு நூலை ஓரமாக வைத்துவிட்டு ஷூ லேஸுக்கு மாறினேன், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. சதுர முடிச்சு சரியாக விழுந்தால் ஒவ்வொரு நிறத்தின் இரு இழைகளும் எதிர் நிறத்தின் வளையத்துக்குள் ஒரே பக்கமாகச் சேர்ந்து வெளியே வரும். இரண்டாவது சுற்றை முதல் சுற்றின் திசையிலேயே போட்டிருந்தால், அதாவது நழுவக்கூடிய கிரானி முடிச்சாக இருந்தால், இழைகள் பிரிந்து கோணலாக நிற்கும். முப்பது கட்டங்களில் எத்தனை கிரானி என்று ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். நேரடி வகுப்பில் இத்தனை வருஷம் கறுப்பு நூலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது நேரடி வகுப்பிலும் லேஸ்தான் முதல் பாடம்.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். "நிறுத்துங்க" என்று நான் சொல்வது போய்ச் சேர்வதற்குள் ஊசி மறுபக்கம் வந்திருக்கும். இந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. எனக்குக் கைகொடுத்தது 1998 முதல் புழக்கத்தில் இருக்கும், அறுவை சிகிச்சை நிபுணர் பெய்ட்டனின் நான்கு படிக் கற்பித்தல் முறை. முதலில் ஆசிரியர் பேசாமல் செய்துகாட்ட வேண்டும். அடுத்து, விளக்கிக்கொண்டே செய்ய வேண்டும். மூன்றாவதாக மாணவர் வாயால் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்ய வேண்டும். கடைசியில்தான் மாணவர் செய்வார். அந்த மூன்றாவது படியை நேர்வகுப்பில் நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன், நேரம் இருக்காது. திரையில் அதுதான் ராஜா. "ஊசியைப் பிடிங்க" என்பார் மாணவர். நான் வேண்டுமென்றே முனைக்குப் பக்கத்தில் பிடிப்பேன். "ஐயோ இல்லை மேடம், முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி" என்பார். தோலில் சாய்வாக இறக்குவேன். "நேர்க்குத்தா, தொண்ணூறு டிகிரி" என்பார். சொல்லத் தெரியாத இடத்தில் அவருடைய வாய் நிற்கும். அங்கேதான் கையும் நிற்கும் என்று தெரிந்துவிடும். எனக்கும் பாடம்தான். என் கை செய்வதில் பாதிக்கு என்னிடம் வார்த்தையே இல்லை என்பதை அந்த வாரங்களில்தான் கண்டுகொண்டேன்.

எல்லாவற்றிலும் நன்றாக உழைத்தது நேரலையே இல்லாத வழிதான். மாணவர்கள் தொண்ணூறு நொடிக் காணொளி எடுத்து அனுப்புவார்கள், நான் ராத்திரி பார்த்துக் குறிப்பு எழுதுவேன். பாதி வேகத்தில் ஓட்டினால் தெரியும் விஷயங்கள் நேரில் பார்த்தாலும் தெரியாது. ஒரு மாணவியின் தையல் பார்க்க ஒழுங்காகவே இருந்தது, ஆனால் ஊசித் துளை மட்டும் பெரிதாக விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டிருக்கிறார். வளைந்த ஊசியை நேராகத் தள்ளினால் அது கிழித்துக்கொண்டுதானே போகும். "முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்க" என்று ஒரே வரி எழுதினேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

ஒரு வேடிக்கை. அனுப்பும் காணொளிகள் எல்லாம் அப்பழுக்கில்லாமல் வந்துகொண்டிருந்தன. விசாரித்தால், பதினான்காவது தடவை எடுத்ததை அனுப்புகிறார்களாம். முதலில் கோபம் வந்தது, முதல் பதிவையே அனுப்பச் சொல்லிக் கண்டித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே பதினாலு தடவை தைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதுதானே! அதன்பின் முதல் பதிவு ஒன்று, கடைசிப் பதிவு ஒன்று, இரண்டையும் அனுப்பச் சொன்னேன்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவரை நான் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: "பார்த்து, மாத்திப் போட்டுக்கோங்க." கேவலமான பாடம். பதிவு செய்த காணொளியை இடவலமாகத் திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்கென்றே ஒரு பாடம் தயார், ஒரு நிமிட வேலை. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. நீடில் ஹோல்டரின் பூட்டு வலதுகைக் கட்டைவிரலின் தள்ளலுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. இடதுகையில் எடுத்தால் அதைத் திறக்க விசையை எதிர்ப்பக்கமாகக் கொடுக்க வேண்டும். திருப்பிய காணொளி அதைக் காட்டாது. கருவி திரையில் மாறிவிட்டது, கையில் மாறவில்லை.

இனி, வராதவை. இழுவிசை திரையில் வராது. முடிச்சு எவ்வளவு இறுக்கம், திசு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் விரல் நுனிச் சங்கதி. மாற்றாகச் சிலவற்றைச் செய்து பார்த்தேன். ஒரு காகிதக் கோப்பையில் கொக்கி மாட்டி, கோப்பை அசையாமல் முடிச்சை இறக்கச் சொன்னேன். மேலே இழுத்தால் கோப்பை எழும்பிக் காட்டிக்கொடுக்கும். பரவாயில்லை ரகம். மதிப்பிடுவதற்கு டொரண்டோவில் உருவாகி 1997-இல் வெளிவந்த ஓசாட்ஸ் அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறேன். ஏழு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளிகள். அதில் திசுவை மதித்துக் கையாளுதல் என்ற அம்சத்துக்கு மாணவர்கள் வீட்டில் தைத்துப் பழகிய வாழைப்பழத் தோலை வைத்துப் புள்ளி போட எனக்கு மனசு வரவில்லை. உதவியாளரைப் பயன்படுத்தும் விதம் என்று இன்னொன்று. தனி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு உதவியாளர் ஏது? ஆக ஏழு ஐந்தானது. அந்த இரண்டையும் நேரில் பார்க்கும்வரை காலியாகவே விட்டேன். ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிய சக ஆசிரியர்களோடு இதில் எனக்கு இன்றும் சண்டை.

வயிற்றைத் தொட்டுப் பரிசோதிப்பதை இரண்டு வாரம் தலையணையோடு முயன்றுவிட்டுக் கைவிட்டேன். விறைத்த வயிறு எப்படி இருக்கும் என்பதற்குத் தலையணையில் பதில் இல்லை. இதயத் துடிப்பொலி கற்பிக்க முயன்ற பொதுமருத்துவ நண்பருக்கும் அதே கதி. இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் துடிப்பையே இரைச்சலாக நினைத்து விழுங்கிவிடும். தப்பித்து வந்தாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட இதயத்தின் மூன்றாம் ஒலியை மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கி பாடாது. அவர் ஒலிக்கோப்புகளை முன்கூட்டியே அனுப்பி, காதில் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கச் சொல்லிவிட்டார்.

எதிர்பாராமல் அமோகமாக வந்தது லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உள்ளே விட்ட கேமராவின் படத்தைத் திரையில் பார்த்துச் செய்யும் ஆபரேஷன். யோசித்தால் ஆச்சரியமில்லை, அதுவே ஒரு திரை வேலைதானே. ஆழம் தெரியாத தட்டைப் படம், கையை இடப்பக்கம் அசைத்தால் வலப்பக்கம் நகரும் கருவி முனை, நிஜ ஆபரேஷனிலும் அதேதான். அட்டைப்பெட்டியில் இரண்டு துளை, உள்ளே ஒரு கைபேசி கேமரா, துறையில் ஒதுக்கி வைத்திருந்த நீளக் கருவிகள் ஆளுக்கு ஒரு ஜோடி. ஆறு வளையங்களை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி எதிர்ப்பக்கம் உள்ள முளைகளில் மாட்டி, திரும்பவும் கொண்டுவரும் பயிற்சி. எத்தனை நொடி, எத்தனை கீழே விழுந்தது, இரண்டையும் மாணவரே எழுதிக்கொள்வார், ஆசிரியர் தேவையே இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பெட்டிக்குள் இருட்டாக இருந்தால் கைபேசி கேமரா வேகம் குறைந்து, கை போன பிறகு படம் போகும். உள்ளே ஒரு எல்இடி பட்டை ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் கூர்மையான ஊசி என்பது தனிக் கவலை. திருகு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் காட்டாத மாணவருக்கு ஊசி கிடையாது என்று வைத்திருந்தேன். வகுப்பு முடியும்போது எண்ணிக்கை சொல்ல வேண்டும், தியேட்டரில் சொல்வதுபோலவே.

பல மாதம் கழித்துக் கதவு திறந்தபோது மாணவர்கள் தொப்பியும் முகக்கவசமுமாக வந்து நின்றார்கள். யார் யாரென்று தெரியவில்லை. கை கழுவ முழங்கைவரை நீட்டினார்கள், உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இடது ஆள்காட்டி விரலில் தழும்பு இருப்பவர், சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டே முடிச்சு போடுபவர். அத்தனை மாதம் நான் பார்த்தது அந்தக் கைகளைத்தானே.

அந்தக் கைகள் வேகமாக, ஒழுங்காக ஓடின. ஆனால் முதல் நிஜத் தோலில் முடிச்சு விழுந்ததும் காயத்தின் விளிம்பு வெளுத்தது. அளவுக்கு மிஞ்சிய இறுக்கம். அவிழ்த்து, விரலைப் பிடித்து, "இவ்வளவுதான்" என்று காட்டினேன். அரை நொடி. கையுறையில் ஈரம் பட்டதும் நூல் வழுக்கியது இன்னொரு அதிர்ச்சி. 2020-இல் வார்டுக்கே கையுறை தட்டுப்பாடாக இருந்தபோது பயிற்சிக்குப் போடச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது தட்டுப்பாடு இல்லை. அனுப்பும் கடைசிப் பதிவில் கையுறை போட்டு, நூலைத் தண்ணீரில் நனைத்துத்தான் தைக்க வேண்டும். முதல் பதிவு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.