ஓய்வுபெற்ற இரண்டு அணுசக்திக் கப்பல்கள்

ஜெர்மனியின் ஓட்டோ ஹான் கப்பல் 1979-இல் நின்றதும் அதன் அணு உலையைக் கழற்றி, டீசல் எஞ்சின் பொருத்தி, மறுபடி சரக்கேற்ற அனுப்பினார்கள். கணக்குப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் 2009-இல் கப்பலையே உடைத்தாயிற்று. பொதுமக்கள் பார்க்க பிரேமர்ஹாஃபன் அருங்காட்சியகத்தில் அதன் புகைபோக்கி நிற்கிறது.

1959-இல் கடலில் இறங்கிய அமெரிக்காவின் சவன்னா வேறு வழியில் போனது. 60 பயணிகளும் சரக்கும் ஒன்றாகப் போன அழகான கப்பல். 1971-இல் எரிபொருளை எடுத்துவிட்டார்கள். அந்த எரிபொருள் இருந்த உலைக்கலனைத் தூக்கியதோ 2022-இல், பால்டிமோரில். அரை நூற்றாண்டு காத்திருந்ததில் கதிர்வீச்சு வெகுவாகத் தணிந்துவிட்டது. அதனால் கப்பலின் உடலைச் சிதைக்காமல் உலையை மட்டும் அகற்ற முடிந்தது. கட்டுப்பாட்டு அறையைப் பயணிகள் கண்ணாடி வழியே பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். அதற்காகவே சவன்னாவை முழுசாக அருங்காட்சியகமாக்க வேண்டும் என்பேன்.