பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே பராமரிப்பு: எதில் காசு மிச்சம், எதில் வேலை வெட்டி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போகும் பொலேரோ பிக்கப் எங்களுடையது. மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாரண்டி முடிந்ததிலிருந்து சில்லறை வேலைகளை வாசலில் நிறுத்தி நானே பார்த்துக்கொள்கிறேன். வண்டியைத் தானே பராமரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கை வைப்பது இன்ஜின் ஆயிலில்தான். என்னைக் கேட்டால் பிக்கப்புக்கு அதில் பெரிய லாபமில்லை. வாங்க வேண்டியது, மூட்டுகளுக்குள் கிரீஸைத் தள்ளும் ஒரு கிரீஸ் கன்.

ஆயில் கதையை முதலில் முடித்துவிடலாம். எங்கள் பக்கம் ஆயில் கடையில் டின் வாங்கினால் அவர்களே கழற்றி மாற்றித் தந்துவிடுகிறார்கள், தனிக் கூலி கிடையாது. வீட்டில் மாற்றினால் லிட்டர் கணக்கில் பழைய ஆயில் மிஞ்சும். அதை வேலியோரம் கொட்டினால் அந்த மண்ணில் புல்கூட ஒழுங்காக வராது. நாம் செய்ய வேண்டியது காலையில் வண்டியை எடுக்கும் முன், சமதரையில் வைத்து, ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது மட்டும்தான். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அது கரி, பயப்பட ஒன்றுமில்லை. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, கிரீஸ். லீவர் வைத்த கிரீஸ் கன் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முனையில் வளையும் ஹோஸ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகளான நிப்பிள்களில் பாதிக்கு நேர்க்குழாய் எட்டாது. காரைப் போல ஜாக்கி போட வேண்டியதில்லை, பிக்கப்புக்கு அடியில் அப்படியே சாக்கை விரித்துப் படுத்துவிடலாம். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்க வேண்டும்.

முக்கியமான இடம், இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது சிலுவை வடிவ மூட்டு. அதன் நிப்பிள் எப்போதும் மேலே பார்த்துத்தான் நிற்கும், அது என்ன ராசியோ தெரியவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு அரையடி தள்ளச் சொன்னால் ஷாஃப்ட் கால் சுற்று சுற்றி நிப்பிள் கைக்கு வந்துவிடும். மறுபடி கல்லைக் கொடுத்துவிட்டு அடியில் போகலாம். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கன்னை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஒட்டிய மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவோம். கிராஸின் நாலு முனையிலும் உள்ள கப்பில் கறுத்த பழைய கிரீஸ் பிதுங்கி, பின்னாலேயே புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஏதாவது ஒரு கப்பில் மட்டும் வரவில்லையென்றால் அங்கே அடைத்திருக்கிறது. கப்பைச் சுற்றிச் செங்கல் தூள் நிறத்தில் துரு தெரிந்தாலோ, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வரும்போது அடியில் ‘டக்’ என்று கேட்டாலோ, கிராஸ் மாற்றும் காலம் வந்துவிட்டது. சில மாடல்களில் நிப்பிளே இருக்காது. அதில் தேய்ந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி.

பிளேட்டு ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளில் நிப்பிள் இருந்தால் அதற்கும் அடிக்கலாம். அங்கே ரப்பர் புஷ் (ரப்பர் உறை) என்றால் கிரீஸ் கிட்டவே போகக் கூடாது. இங்கே பலர் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பிளேட்டு, சேஸிஸ் எல்லாவற்றிலும் பழைய ஆயிலை அடித்து விடச் சொல்கிறார்கள். துரு பிடிக்காது என்பது கணக்கு. ஆனால் அந்த ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊற வைத்துக் கெடுக்கும், புழுதியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பதில், சர்வீஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கிரீஸ் அடித்துவிடுவேன், ஏனென்றால் வேகமாக அடிக்கும் தண்ணீர் இருக்கிற கிரீஸையும் கிளப்பிவிடும்.

இரண்டாவது லாபம் டீசல் ஃபில்டரில். அடியில் தண்ணீரை வடிக்கும் சின்ன டிரெய்ன் திருகு இருக்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கும். கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். டீசல் மட்டும் தெளிவாக வர ஆரம்பித்ததும் இறுக்கிவிட்டு, கைப் பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை எடுத்தால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். காமன் ரெயில் இன்ஜினில் (ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போனால் வரும் செலவைக் கேட்டால் தூக்கம் வராது. இன்னொன்று, ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் ஸ்பேனரே வைக்காதீர்கள். ஓடும்போது அதற்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், தோலையே துளைத்துவிடும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் எங்கள் ஊர் டிரைவர்களுக்கு விடாது. "அண்ணே, தண்ணிதானே" என்பார்கள். வீட்டில் போர் தண்ணீர் சுட வைக்கும் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் படியும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் சீட்டுக்குப் பின்னால் கிடந்தால் போதும், பேட்டரிக்கும் உதவும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப அடித்தால் காகிதம் நைந்துவிடும், அதனால் நான் ஓரிரு முறைக்கு மேல் ஆசைப்படாமல் புதுசு போட்டுவிடுகிறேன். பொட்டாஷ் மூட்டை ஏற்றிய நாளில் பின் தொட்டியைக் கழுவி, ரப்பர் ஷீட்டையும் தூக்கிக் காய வைப்பது நல்லது. துரு தொடங்குவது அந்த ஷீட்டுக்கு அடியில்தான்.

பிரேக், கிளட்ச், வீல் பேரிங் மூன்றையும் நான் தொடுவதில்லை. லோடு வண்டியில் அது அடுத்தவர் உயிர் சமாச்சாரம். ஆனால் அடியில் படுத்திருக்கும்போது பிரேக்கின் வீல் சிலிண்டர் பக்கம் ஈரம் இருக்கிறதா, ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஸ்பிரிங்கின் மெயின் பிளேட்டில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மெக்கானிக்கிடம் இடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அவருக்கும் தேடும் நேரம் மிச்சம், பில்லிலும் அது தெரிகிறது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம். அதற்கு ஒரு மாதம் முன்பே விளக்குகள், ஒளிரும் ஸ்டிக்கர், டயர் பட்டன் (டயரின் மேல் வரி) எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் விலை.