டின்னா, பேரலா, கேனா? பஜ்ஜிக்கடை எண்ணெயை எதில் சேர்த்து வைப்பது

பஜ்ஜிக்கடையில் பொரித்துக் கழித்த எண்ணெயிலிருந்து வீட்டில் பயோடீசல், அதாவது டீசலுக்குப் பதிலான எரிபொருள், காய்ச்சுவதைப் பற்றி விசாரிப்பவர்கள் அதில் கலக்க மெத்தனால் எவ்வளவு, காஸ்டிக் சோடா எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். காய்ச்சும்வரை எண்ணெய் எதில் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இரண்டு முறை எல்லாமே சோப்பாகப் போனது, இரண்டுமே அங்கே செய்த தப்புதான்.

முதலில் 15 கிலோ டின். கடைக்காரர் எண்ணெயை அதிலேயே ஊற்றிக் கொடுத்துவிடுவார், தனிச்செலவு இல்லை, பதினாறு லிட்டர் கொள்ளும், ஒரு ஆள் தூக்கலாம். நல்லது அவ்வளவுதான். மேலே குத்திய ஓட்டைகளை எதைக் கொண்டு அடைத்தாலும் ஐப்பசி மழையில் ஈரம் இறங்கிவிடும். ஈரம் சேர்ந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடும், அந்த அமிலம் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாகும். என் முதல் நஷ்டம் இப்படித்தான். போதாததற்கு, பூச்சு தேய்ந்த இடத்தில் துரு வேறு பிடித்து எண்ணெயைச் சீக்கிரம் காறச் செய்யும். ஒரு வாரத்தில் காய்ச்சிவிடுவீர்கள் என்றால் டின் போதும்.

200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் பார்க்க வசதி. பழையது வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிரம்பினால் 180 கிலோவுக்கு மேல் இருக்கும், நகராது, அதனால் அடியிலிருந்து நாலு விரல் விட்டுக் குழாய் வைத்தாக வேண்டும். பித்தளைக் குழாய் வேண்டாம், அதிலிருக்கும் செம்பு பட்டால் எண்ணெய் வேகமாகக் கெடும். இரும்பு டிரம்மும் உதவாது, அடியில் தண்ணீர் நின்று துருப்பிடிக்கும்.

ஆனால் பேரலின் உண்மையான வில்லங்கம், பல கடை எண்ணெயும் ஒன்றாகக் கலந்துவிடுவது. எண்ணெயில் பொரிக்கப் பொரிக்கச் சேரும் சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018இலிருந்து விதி இருக்கிறது, சரி, தள்ளுவண்டிக்காரர் எந்த மீட்டரை வைத்துப் பார்ப்பார்? நுரையையும் புகையையும் பார்த்துத்தான் கழிக்கிறார், கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் எண்ணெய் மாறும். பாதி பேரல் நல்ல எண்ணெயில் மீன் வறுத்த எண்ணெய் ஒரு டின்னை ஊற்றினேன். அதிலிருந்த தண்ணீர் இரண்டு மாதம் அடியில் கிடந்து மொத்தத்தையும் கெடுத்தது.

அதனால் இப்போது 20 லிட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்தான், ஒரு கடை ஒரு கேன். மூடி இறுகும், கழுத்துவரை ஊற்றினால் காற்றுக்கும் இடமில்லை. வெளியிலிருந்தே தெரியும்: அடியில் கருப்பாகக் கடலைமாவு மண்டி, மேலே ஒரு விரல் கலங்கல் தண்ணீர், அதற்கும் மேலே டீ நிறத்தில் எண்ணெய். ஒரு கேன் கெட்டால் அதோடு போயிற்று. வெளிச்சம் உள்ளே போவதுதான் குறை, நான் மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சாக்கு போர்த்தியிருக்கிறேன். நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள், கொதிக்கும் எண்ணெய்க்குக் கேன் நெளிந்துவிடும். வடிகட்டிய துணியைக் குவித்துப் போடாதீர்கள், எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

பேரலைத் தூக்கிப் போடவில்லை. தெளிந்து, சோதித்து, தேறிய எண்ணெய் மட்டும் காய்ச்சுவதற்கு முந்தின நாள் அதில் போகும். கேனில் தேதியை மார்க்கரால் எழுதினேன், எண்ணெய்க் கை பட்டு ஒரே நாளில் அழிந்தது. இப்போது கைப்பிடியில் அட்டை கட்டித் தொங்கவிடுகிறேன்.