கையிருப்பைக் கொடுப்பதா, காசைக் கொடுப்பதா?

உக்ரைனுக்கு ராணுவ உதவி வேண்டும் என்பவர்களே எப்படிக் கொடுப்பது என்பதில் பிரிந்து நிற்கிறார்கள். டென்மார்க் இரண்டையும் செய்து பார்த்தது.

கையிருப்பு: 2023 ஜனவரியில் தன்னுடைய 19 சீசர் பீரங்கிகளையும் மொத்தமாகக் கொடுப்பதாக அறிவித்தது.
பணம்: 2024-ல் உக்ரைனிலேயே 18 போக்தானா பீரங்கிகள் செய்யப் பணம் கட்டியது.

சொந்தப் பாதுகாப்பு: முதல் வழியில் சொந்த ராணுவத்துக்குப் பீரங்கி இல்லை, "நாளை நமக்கு?" என்று மக்கள் கேட்பது நியாயம்தான். இரண்டாவதில் கையிருப்பு அப்படியே இருக்கும்.

பழுது: சீசர் பிரெஞ்சுத் தயாரிப்பு, உதிரிபாகம் வெளியிலிருந்து வர வேண்டும். போக்தானா லாரி மேல் ஏற்றிய 155 மி.மீ. பீரங்கி, செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

நம்பிக்கை: பணம் என்றாலே ஊழல் பயம் வரும், அதனால் கணக்கு கறாராக இருக்க வேண்டும்.

சரி, எது எதற்கு? இந்த மாதமே வேண்டுமென்றால் கையிருப்பு. வருடக்கணக்கில் இழுக்கும் போருக்குப் பணம்தான், ஆலை மேல் ஏவுகணை விழும் ஆபத்து இருந்தாலும்.